ஒட்டு அறுந்தால்தான் புற்று பரவுமா? மார்பகத் திசுவில் ஈ-கேடரின் குறித்த ஒரு மறுவாசிப்பு

1. கேள்வி

மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மார்பில் முதலில் தோன்றிய கட்டி நேரடிக் காரணமாக இருப்பதில்லை. அங்கிருந்து கிளம்பி எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய இடங்களில் குடியேறும் செல்களே உயிரைப் பறிக்கின்றன. எனவே, ஒரு செல் தான் பிறந்த திசுவைவிட்டு எப்படி வெளியேறுகிறது என்பது புற்றுநோய் ஆய்வின் மையக் கேள்விகளுள் ஒன்று. இதற்குப் பாடநூல்கள் பல பத்தாண்டுகளாகத் தரும் விடை எளிமையானது. நலமான திசுவில் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடிப்பைத் தரும் மூலக்கூறுகளைப் புற்றுச்செல் இழக்கிறது. பிடி விட்டதும் ஊர்ந்து வெளியேறுகிறது. ஈ-கேடரின் என்ற புரதம் இந்த விளக்கத்தின் நடுநாயகம். அது இருக்கும்வரை புற்று அடங்கியிருக்கும், அது போனால் பரவும் என்ற வாய்பாடு மருத்துவக் கல்லூரி வகுப்பறையிலிருந்து பொதுவாசகர்களுக்கான அறிவியல் நூல்கள்வரை வேரூன்றிவிட்டது.

மார்பகத்தைப் பொறுத்தவரை இந்த வாய்பாடு செல்லாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஈ-கேடரினை இழந்து வளரும் மார்பகப் புற்று உண்டு. ஆனால் அது ஒரு தனி வகை. அந்த வகையின் இயல்பை எல்லா மார்பகப் புற்றுகளுக்கும் பொதுவிதியாக்கியதில்தான் பிழை நேர்ந்தது. பெரும்பான்மை வகையில் செல்கள் ஒட்டுதலைக் கைவிடுவதில்லை. அதையே துணையாகக் கொண்டு பரவுகின்றன. இதைப் பேசுமுன் இரண்டு நிகழ்வுகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். செல்கள் நாளத்தின் எல்லையைத் தாண்டி அக்கம்பக்கத் திசுவுக்குள் நுழைவதை ஊடுருவல் என்கிறேன். அவை இரத்தத்திலோ நிணநீரிலோ பயணித்துத் தொலைவிலுள்ள உறுப்பில் புதிய கட்டியாக வளர்வதைப் பரவல் என்கிறேன். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே பல குழப்பங்களுக்கு வழிவிட்டிருக்கிறது.

2. நலமான மார்பகத்தில் ஒட்டு மூலக்கூறுகள்

பால் நாளமொன்றைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைத்தால் நடுவே ஒரு வெற்றிடம் தெரியும். அதைச் சுற்றி உள்வரிசைச் செல்கள்; தாய்மைக் காலத்தில் பால் சுரப்பவை இந்த வரிசையைச் சேர்ந்தவையே. அவற்றை வெளிப்புறமாகத் தழுவி, தசையைப்போல் சுருங்கவல்ல இன்னொரு வரிசை. குழந்தை மார்பில் வாய் வைத்ததும் ஊறும் ஆக்சிடோசின் இந்த வெளிவரிசையைச் சுருக்கித்தான் பாலை வெளியே தள்ளுகிறது. இரண்டுக்கும் வெளியே லேமினினும் நான்காம் வகைக் கொலாஜனும் கொண்டு நெய்யப்பட்ட அடிச்சவ்வு. இந்த ஒழுங்கு முழுவதும் ஒட்டு மூலக்கூறுகளின் பங்கீட்டால் அமைவது. உள்வரிசைச் செல்கள் தம்மிடையே ஈ-கேடரினால் பிணைகின்றன. வெளிவரிசையின் அடையாளம் பி-கேடரின். அடிச்சவ்வைப் பற்றிக்கொள்ள இன்டெக்ரின்கள், குறிப்பாக ஆல்ஃபா6-பீட்டா4 இணை. கூடுதல் உறுதி தேவைப்படும் புள்ளிகளில் டெஸ்மோசோம்கள்.

கேடரின்களை இனங்காட்டியவர் ஜப்பானின் மசதோஷி தகெய்ச்சி. டிரிப்சின் என்ற செரிமான நொதியால் செல்களைப் பிரிக்கும்போது கரைசலில் கால்சியம் இருந்தால், பிரிந்த செல்கள் மீண்டும் ஒட்டும் திறனைத் தக்கவைத்துக்கொள்கின்றன. கால்சியம் இல்லாவிட்டால் அத்திறன் அழிந்துபோகிறது. 1977இல் அவர் வெளியிட்ட இந்தக் கவனிப்பிலிருந்து, கால்சியத்தால் காக்கப்படும் ஓர் ஒட்டுப் புரதம் செல்பரப்பில் இருப்பது தெளிவாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஐரோப்பாவில் ரோல்ஃப் கெம்லரும் பிரான்சுவா ஜேக்கபும் எலிக்கருவில் கண்ட புரதமும் இதுவேதான் என்பது பின்னர் உறுதியானது. இதன் வெளிப்பகுதி ஐந்து கண்ணிகளால் ஆனது. கண்ணிகளுக்கு இடையில் கால்சியம் அயனிகள் அமர்ந்தால்தான் அது விறைப்பாக நிற்கும். நுனிக் கண்ணி எதிர்ச்செல்லின் நுனிக் கண்ணியுடன் கோத்துக்கொள்கிறது. செல்லுக்குள் நீளும் வால்பகுதியை பி120 கேட்டனினும் பீட்டா கேட்டனினும் பற்றுகின்றன. பீட்டா கேட்டனின் வழியாக ஆல்ஃபா கேட்டனின், அதன் வழியாகச் செல்லின் ஆக்டின் இழைச்சட்டம். ஆக, வெளியே நடக்கும் கைகோப்பு உள்ளே எலும்புக்கூடுவரை எட்டுகிறது.

திசு என்பது செங்கல், ஒட்டுப் புரதம் வெறும் சாந்து என்று கொள்வதற்கு நலமான மார்பகமே இடம் தரவில்லை. 1995இல் சார்லஸ் டேனியலின் குழு, வளரும் எலி மார்பின் நாள நுனியில் எதிர்ப்பொருளை மெல்லக் கசியவிடும் சிறு உருண்டைகளைப் பதித்தது. ஈ-கேடரினை மறிக்கும் எதிர்ப்பொருள் உள்வரிசையைக் குலைத்தது. செல்கள் விடுபட்டு நாளத்துக்குள் மிதந்தன. பி-கேடரினை மறித்தபோது குலைந்தது வெளிநுனி வரிசை மட்டுமே. இதைவிட முக்கியமான சோதனை 2002இல் கெம்லரின் ஆய்வகத்திலிருந்து வந்தது. பால் சுரக்கும் செல்களில் ஈ-கேடரின் மரபணுவை நீக்கிய எலிகளில் கர்ப்பகாலத்தின் பெரும்பகுதி இயல்பாகவே கழிந்தது. பிரசவத்தை ஒட்டி, பால் சுரக்க வேண்டிய நேரத்தில், அச்செல்கள் கூட்டமாக மடிந்தன. சுரப்பி, குழந்தை பால் மறந்த பின் சுருங்குவதைப்போல் சுருங்கிற்று. கட்டி எதுவும் தோன்றவில்லை. ஈ-கேடரின் என்பது பிடிப்பு மட்டுமல்ல, செல் உயிரோடிருக்கத் தேவையான செய்தியும்கூட என்பது இதன் பொருள். இந்த ஒரு முடிவைப் பின்வரும் விவாதம் முழுவதற்கும் அடிப்படையாகக் கொள்கிறேன். ஏனெனில் ஈ-கேடரின் பரவலுக்குத் 'தடை' என்ற வாய்பாடு கணக்கில் எடுக்கத் தவறியது இதைத்தான்.

3. 'தடை' என்ற கருத்து வலுப்பெற்ற விதம்

அந்த வாய்பாடு காற்றில் முளைத்ததன்று. 1944இல் பென்சில்வேனியாவின் டேல் கோமன், ஒட்டியிருக்கும் இரு செல்களில் ஒன்றை நுண்ணூசியால் பற்றி இழுத்து, பிரியும் தருணத்தில் ஊசி எவ்வளவு வளைந்தது என்பதை அளந்தார். செதிள்செல் புற்றின் செல்கள் நலமான செல்களைவிட எளிதில் பிரிந்தன. அரை நூற்றாண்டு கழித்து மூலக்கூறு தெரியவந்தபோது அந்தக் கவனிப்புக்கு உருவம் கிடைத்தது. 1989இல் வால்டர் பிர்ஷ்மயரின் குழு, ஒழுங்காக அடுக்கிவளரும் சிறுநீரகச் செல்களில் இந்தப் புரதத்தை எதிர்ப்பொருளால் மறித்ததும் அவை கொலாஜனுக்குள் ஊடுருவக் கண்டது. 1991இல் அதே குழு, ஊடுருவும் மனிதப் புற்றுச்செல்களில் ஈ-கேடரின் மரபணுவைச் செலுத்தினால் ஊடுருவல் நிற்பதையும், அதன்மீது எதிர்ப்பொருளைச் சேர்த்தால் மீண்டும் தொடங்குவதையும் காட்டிற்று. 1998இல் கெர்ஹார்டு கிறிஸ்டோஃபோரியும் சகாக்களும், கணையக் கட்டி வளரும் எலிகளில் ஈ-கேடரினைத் தக்கவைத்தால் கட்டி தீங்கற்ற கட்டத்திலேயே நின்றுவிடுவதாக மெய்ப்பித்தனர். 2000இல் ஸ்நெயில் என்ற புரதம் ஈ-கேடரின் மரபணுவை நேரடியாக அடக்குவது தெரியவந்தது. அத்தோடு, மேற்றிசுச் செல் தன் ஒட்டுதலைக் கைவிட்டு இணைப்புத்திசுச் செல்லைப்போல் மாறித் திரியும் நிலைமாற்றக் கோட்பாடு முழு வடிவம் பெற்றது.

இவை ஒவ்வொன்றும் நேர்த்தியான ஆய்வு. இவற்றின் முடிவுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் இவை எதை அளந்தன என்று கேட்க வேண்டும். கொலாஜன் கூழில் செய்த சோதனைகள் அளந்தது ஊடுருவலை. முழு விலங்கில் செய்த சோதனை கணையத்தின் இன்சுலின் செல்களைப் பற்றியது. மார்பகப் புற்றில், உயிருள்ள உடலில், தொலைவிலுள்ள உறுப்பில் கட்டி வளர்வதற்கு ஈ-கேடரின் போக வேண்டுமா என்ற கேள்வியை இவற்றில் எதுவும் நேராகக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கும் சேர்த்து விடை சொல்லிவிட்டதாக நாம் எடுத்துக்கொண்டோம்.

4. நுண்மடல் புற்று: சான்றா, எதிர்ச்சான்றா?

வாய்பாட்டுக்கு மார்பகத்திலிருந்தே வலுவான ஆதரவு ஒன்று உண்டு. ஊடுருவும் மார்பகப் புற்றுகளில் 10 முதல் 15 விழுக்காடு நுண்மடல் வகை. நாள வகையில் செல்கள் கொத்துக்கொத்தாக, சில இடங்களில் குழாய்போல வளரும். நுண்மடல் வகையில் செல்கள் ஒன்றோடொன்று சேராமல் ஒற்றை வரிசையாக இணைப்புத்திசுவுக்குள் நடந்துபோகும். நலமான நாளத்தைச் சுற்றி வளையம் வளையமாக நிற்கும். ஈ-கேடரினுக்குச் சாயமேற்றிய கண்ணாடித் துண்டில் இவ்வேறுபாடு கண்ணுக்கு நேராகத் தெரியும். ஓரத்தில் எஞ்சியிருக்கும் நலமான நாளத்தில் ஒவ்வொரு செல்லின் விளிம்பையும் பழுப்புக்கோடு சுற்றியிருக்கும். பக்கத்திலேயே ஒற்றை வரிசையில் போகும் புற்றுச்செல்களில் கருக்களின் நீலம் மட்டும், கோடு இருக்காது. அதே துண்டில் பி120 கேட்டனினுக்குச் சாயமேற்றினால், பற்றிக்கொள்ள வால் இல்லாததால் அது விளிம்பைவிட்டு செல்லின் உட்குழைவில் பரவிக் கிடக்கும். கொத்தாகத் திரளாததால்தான் இந்தப் புற்று பல வேளைகளில் கைக்குக் கட்டியாகத் தட்டுப்படுவதில்லை, மேமோகிராமிலும் நழுவிவிடுகிறது.

இதன் மரபியல் காரணத்தை 1995இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஹெர்ட் பெர்க்ஸ், ஃபிரான்ஸ் வான் ராய் குழு கண்டது. பதினாறாம் குரோமோசோமின் நீள்கரத்திலுள்ள, ஈ-கேடரினுக்கான சிடிஎச்1 மரபணுவில் பிறழ்வு; எஞ்சிய நல்ல பிரதியும் தொலைந்துபோயிருந்தது. 817 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான புற்று மரபணுத்தொகைத் திட்டத்தின் அறிக்கையில், நுண்மடல் வகையின் 127 கட்டிகளில் 63 விழுக்காட்டில் இந்த மரபணு பிறழ்ந்திருந்தது. புரதமாகப் பார்த்தால் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் ஈ-கேடரின் இல்லை. பிறப்பிலேயே ஒரு பிரதி பழுதானவர்களின் கதையும் இதை ஒட்டியே செல்கிறது. 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பமொன்றில் பரம்பரை இரைப்பைப் புற்றுக்குக் காரணம் இந்த மரபணுவே என்று பாரி கில்ஃபோர்டின் குழு நிறுவியது. இப்பழுதைச் சுமக்கும் பெண்களுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்று, அதிலும் நுண்மடல் வகை, வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணிப்பு.

இவ்வளவும் தடை வாய்பாட்டை மெய்ப்பிப்பதுபோல் தோன்றும். ஆனால் ஒரு செய்தி இதில் இடறுகிறது. 1941இல் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் ஃபிராங்க் ஃபூட், ஃபிரெட் ஸ்டூவர்ட் இருவரும் விவரித்த 'இடத்தில் அடங்கிய நுண்மடல் புற்று' என்ற மாற்றத்தில் செல்கள் ஏற்கெனவே ஒன்றைவிட்டு ஒன்று தளர்ந்திருக்கின்றன. நுண்மடலை நிரப்பி வீங்கவைக்கின்றன. ஆனால் அடிச்சவ்வைத் தாண்டவில்லை. இந்தக் கட்டத்திலேயே ஈ-கேடரின் போய்விட்டது என்பதை 1997 முதல் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இம்மாற்றம் கண்டறியப்பட்ட பெண்கள் பலரிடம் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. பெரும்பாலோருக்கு ஊடுருவும் புற்றாக மாறுவதேயில்லை. பிடி விட்டால் செல் வெளியேறிவிடும் என்பது விதியானால், இந்தச் செல்கள் எப்போதோ வெளியேறியிருக்க வேண்டும். வாய்பாட்டின் தலைசிறந்த சான்றாகக் காட்டப்படும் நோயே, ஈ-கேடரின் இழப்பு மட்டும் ஊடுருவலுக்குப் போதாது என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது.

போதாததை நிறைவு செய்வது எது? ஆம்ஸ்டர்டாமில் பாட்ரிக் டெர்க்சன், யோஸ் யோங்கர்ஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. எலியின் மார்பகச் செல்களில் ஈ-கேடரினோடு பி53 என்ற காவல் மரபணுவையும் சேர்த்து நீக்கியபோதுதான் நுண்மடல் புற்றைப் போன்ற கட்டிகள் தோன்றி, மனிதரில் காண்பதைப்போலவே உணவுப்பாதைக்கும் வயிற்று உறைக்கும் பரவின. ஒட்டிடம் இல்லாத செல் தானே மடியும் இயல்பை அச்செல்கள் தாண்டியிருந்தன. கெம்லரின் எலிகளில் மடிந்த அதே வகைச் செல், இங்கே சாவிலிருந்து தப்பும் வழி கிடைத்ததால் கட்டியாயிற்று. இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மனித நுண்மடல் புற்றில் பி53 பழுதாவது அரிது. அங்கே அந்த இடத்தை நிரப்புவது பிஐ3 கைனேஸ் வழித்தடத்தின் மிகைத்தூண்டலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; அத்தடத்தின் மரபணுப் பிறழ்வுகள் இவ்வகையில் மிகப் பரவலாகக் காணப்படுகின்றன. துணை எதுவாயினும் வரிசை இதுதான்: ஈ-கேடரின் இழப்பு செல்லுக்கு முதலில் ஓர் ஆபத்து, அந்த ஆபத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு செய்துகொண்ட செல் மட்டுமே புற்றாக நீடிக்கிறது.

5. ஒட்டிக்கொண்டே பரவும் செல்கள்

இனி பெரும்பான்மை வகைக்கு வருவோம். நாள வகைப் புற்றுகளில் மிகப் பலவற்றில் ஈ-கேடரின் விளிம்பிலேயே இருக்கிறது. சிலவற்றில் குறைகிறது, முற்றாக அழிவது அரிது. தொலை உறுப்புகளில் வளர்ந்த கட்டிகளையும் அவற்றின் முதற்கட்டிகளையும் ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த கோவால்ஸ்கி குழுவின் ஆய்வில், நாள வகையின் பரவல்களில் பல, முதற்கட்டியில் இருந்த அளவுக்கோ அதைவிட மிகுதியாகவோ ஈ-கேடரினைக் கொண்டிருந்தன. மார்பகப் புற்றுகளிலேயே மிகக் கொடிதான அழற்சி வகை இன்னும் வெளிப்படையான எடுத்துக்காட்டு. இதில் தோலின் நிணநீர் நாளங்களை அடைத்து நிற்கும் செல்திரள்களால் மார்பு சிவந்து வீங்குகிறது. அத்திரள்களில் ஈ-கேடரின் மிகுந்திருக்கிறது என்பதையும், அதைக் குலைத்தால் திரள்கள் உதிர்ந்துவிடுகின்றன என்பதையும் சான்ஃபோர்டு பார்ஸ்கியின் குழு 2001இல் எலிகளில் வளர்த்த மனிதக் கட்டிகளைக் கொண்டு காட்டியது. தடை வாய்பாட்டின்படி மிக அடங்கியிருக்க வேண்டிய புற்று, நடைமுறையில் மிக வேகமாகப் பரவும் புற்றாக இருக்கிறது.

2014இல் பாஸ்டனில் நிக்கோலா அசெட்டோ, ஷ்யாமளா மகேஸ்வரன், டேனியல் ஹேபர் ஆகியோர் இரத்தத்தில் திரியும் புற்றுச்செல்களை ஆராய்ந்தனர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தனிச்செல்கள், கொத்துகள் அரிது. ஆயினும் கட்டியாக வேர்விடும் ஆற்றலில் கொத்துகள் தனிச்செல்களைவிட 23 முதல் 50 மடங்கு விஞ்சின. கொத்துகள் இரத்தத்தில் போய்ச் சேர்ந்து உருவானவை அல்ல. கட்டியிலிருந்தே கொத்தாகக் கழன்றவை. அவற்றைப் பிணைத்திருந்த பிளாக்கோகுளோபின் என்ற ஒட்டுப் புரதத்தைக் குறைத்தபோது கொத்துகளும் நுரையீரல் பரவலும் குறைந்தன. செல்கள் கைவிடும் என்று நாம் எதிர்பார்த்த பிடிப்புதான் பயணத்தில் அவற்றைக் காப்பாற்றுகிறது.

தீர்க்கமான சோதனை 2019இல் வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வீணா பத்மநாபன், ஆண்ட்ரூ எவால்டு ஆகியோரின் குழு, பரவும் நாள வகை மார்பகப் புற்றின் எலி மாதிரிகளில் ஈ-கேடரின் மரபணுவை நீக்கிப் பார்த்தது. உள்வரிசை வகையைச் சேர்ந்த மாதிரி, அடிவரிசை வகையைச் சேர்ந்த மாதிரி இரண்டும் இதில் அடக்கம். கிடைத்தது இரட்டை விளைவு. ஊடுருவல் கூடியது; பிர்ஷ்மயர் சொன்னது சரியே. ஆனால் பெருகும் செல்கள் குறைந்தன, மடியும் செல்கள் கூடின, இரத்தத்தில் திரியும் செல்கள் குறைந்தன, தொலை உறுப்புகளில் கட்டி வளர்வது வெகுவாகச் சரிந்தது. ஈ-கேடரின் இழந்த செல்களில் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி அவற்றைச் சாகடித்தன. டிஜிஎஃப்-பீட்டா சமிக்ஞை இதில் பங்கேற்றது. அந்தச் சாவைத் தடுத்தபோது பரவும் ஆற்றல் மீண்டது. ஊடுருவலும் பரவலும் எதிர்த்திசையில் நகரக்கூடும் என்பதை ஒரே சோதனையில் காட்டியதுதான் இந்த ஆய்வின் பெருமை. பால் சுரக்கும் செல்லைக் காத்துநின்ற அதே புரதம் புற்றுச்செல்லையும் காக்கிறது. கெம்லரின் ஆய்வகம் 2002இல் கண்டதற்கும் இதற்கும் இடையே பதினேழு ஆண்டுகள். இரண்டையும் ஒருசேர வாசித்திருந்தால், இந்த முடிவு யாரையும் அவ்வளவு வியப்பில் ஆழ்த்தியிருக்காது.

6. மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு, பரவிய கட்டியில் ஈ-கேடரின் இருப்பதால் அது ஒருபோதும் போகவில்லை என்று ஆகாது என்பது. செல் அதைத் தற்காலிகமாக இழந்து வெளியேறி, புது இடத்தில் குடியேறியதும் மீண்டும் பெற்றிருக்கலாம். கண்ணாடித் துண்டு ஒரு நொடியை மட்டுமே காட்டும். இது நியாயமான எச்சரிக்கை. இதனால்தான் துண்டுகளை மட்டும் நம்பி நான் வாதாடவில்லை. மரபணுவையே நீக்கிய சோதனையில், ஈ-கேடரின் உள்ள செல்களே நன்கு பரவின. 2014இல் எவால்டின் ஆய்வகம், நிலைமாற்றத்தைத் தூண்டும் ட்விஸ்ட்1 புரதத்தால் சிதறிய செல்களும்கூட ஈ-கேடரினைத் தக்கவைத்திருந்ததையும், அதைக் குறைத்தால் சிதறல் தடைப்படுவதையும் கண்டது. ஆயினும் முழுமையாக நீக்குவதும் ஓரளவு குறைப்பதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேவைக்கேற்ப ஒட்டுதலைத் தளர்த்தவும் இறுக்கவும் வல்ல செல்லே அதிகம் பரவும் என்ற இடைநிலைக் கருத்து என் வாதத்தோடு முரண்படவில்லை. முரண்படுவது 'இழப்பே பரவலுக்கு முன்நிபந்தனை' என்ற கடுமையான வடிவம்தான்.

இரண்டாம் மறுப்பு இரத்தச் சான்றைப் பற்றியது. இது எனக்கு மிகக் கனமானதாகத் தோன்றுகிறது. இரத்தத்தில் திரியும் செல்களைப் பிடிக்க அமெரிக்காவில் முதலில் ஒப்புதல் பெற்ற செல்சர்ச் கருவி, எப்கேம் என்ற இன்னொரு ஒட்டு மூலக்கூறையே தூண்டிலாகக் கொண்டது. 2004இல் மாசிமோ கிறிஸ்டோஃபனிலி குழு 177 நோயாளிகளில் நடத்திய ஆய்வு, 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஐந்தோ அதற்கு மேலோ செல்கள் இருந்தால் நோயின் போக்கு மோசம் என்று காட்டியது. பயனுள்ள அளவுகோல், சந்தேகமில்லை. ஆனால் ஒட்டு மூலக்கூறைத் தக்கவைத்த செல்களை மட்டும் பிடிக்கும் தூண்டிலைப் போட்டுவிட்டு, பிடிபட்டவை எல்லாம் அதைத் தக்கவைத்திருக்கின்றன என்று வியப்பது வட்டவாதம். 2013இல் ஹேபரின் குழுவே தூண்டில் வகைகளை விரித்துப் பார்த்தபோது, மார்பகப் புற்று நோயாளிகளின் இரத்தத்தில் இணைப்புத்திசுப் பண்புள்ள செல்களும் இருந்தன. கொத்துகளிலும் அப்பண்பு தென்பட்டது. எனவே எப்கேம் வழி வந்த கணக்குகளை இந்த வாதத்துக்குச் சான்றாக நான் கொள்ளவில்லை. கொத்துகள் பற்றிய சான்று தனித்து நிற்கிறது. ஏனெனில் அது செல்லின் அடையாளத்தைப் பற்றியதல்ல, ஒட்டியிருத்தலின் பயனைப் பற்றியது.

ஈ-கேடரின் குறைந்த நாள வகைக் கட்டிகளுக்கு நோய்ப்போக்கு சற்று மோசம் என்று கூறும் தொகுப்பாய்வுகள் உண்டு. அவற்றை மூன்றாம் மறுப்பாக முன்வைக்கலாம். அத்தொடர்பு உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் ஒழுங்கு குலைந்த உயர்தரக் கட்டிகளில் பல புரதங்கள் ஒருசேரக் குறைகின்றன. அவற்றுள் ஒன்றின் குறைவை மட்டும் காரணமாக்க முடியாது. வெளிவரிசைக்குரிய பி-கேடரின், இருக்கக்கூடாத செல்களில் புதிதாகத் தோன்றும் கட்டிகளே மோசமானவை என்று போர்ச்சுகலின் ஜுவானா பரேடெஸ் உள்ளிட்டோர் காட்டியுள்ளனர். என்-கேடரின் தோன்றினால், ஈ-கேடரின் கூடவே இருந்தாலும் செல் ஊர்கிறது என்பதை 2000இல் ரேச்சல் ஹசானின் குழு மார்பகப் புற்றுச்செல்களில் நிறுவிற்று. எந்த ஒட்டு மூலக்கூறு எந்தச் செல்லில் எந்தத் துணையோடு இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஒன்று கூடிற்றா குறைந்ததா என்ற ஒற்றைக் கணக்கு போதாது.

7. அடிச்சவ்வின் பக்கம்

செல்லுக்கும் அடிச்சவ்வுக்கும் உள்ள உறவிலும் இதே பாடம்தான் கிடைக்கிறது. 1997இல் பெர்க்லியில் மினா பிசெலின் ஆய்வகத்தில் வலேரி வீவரும் பிறரும், கட்டுப்பாடின்றி வளரும் மார்பகச் செல்களை லேமினின் நிறைந்த கூழில் வைத்து, அவற்றில் மிகுந்திருந்த பீட்டா1 இன்டெக்ரினை எதிர்ப்பொருளால் மறித்தனர். மரபணுப் பிறழ்வுகள் அப்படியே இருக்க, செல்கள் நலமான சிற்றறைகளைப்போல உருண்டு ஒழுங்காயின. அங்கே கேடு விளைத்தது ஒட்டுதலின் மிகுதி. 2002இல் அதே மரபைச் சேர்ந்த ஆய்வு, வெளிவரிசைச் செல்கள் சுரக்கும் லேமினின்-1 இருந்தால்தான் உள்வரிசை தன் திசையை அறிகிறது என்றும், கட்டியிலிருந்து எடுத்த வெளிவரிசைச் செல்கள் அதைச் சுரக்கத் தவறுகின்றன என்றும் காட்டியது. நலமான திசுவின் ஒழுங்கு, பல பிடிப்புகளின் சமநிலை.

8. மருத்துவத்துக்கு இதன் பொருள்

தடை வாய்பாடு தவறாக வழிநடத்தும் இடம் சிகிச்சை. ஈ-கேடரினை மீட்டுத் தந்தால் பரவலைத் தடுக்கலாம் என்ற எதிர்பார்ப்பு, நாள வகையில் எதிர்விளைவையே தரக்கூடும். மறுபுறம், ஒட்டுதலைக் குலைப்பதே மருந்து என்று துள்ளிவிடவும் கூடாது. பத்மநாபனின் எலிகளில் ஊடுருவல் கூடியதை மறந்துவிட முடியாது. இன்டெக்ரின்களை மறிக்கும் சிலெங்கிடைடு என்ற மருந்து மூளைக்கட்டிக்கான பெரும் சோதனையில் வாழ்நாளை நீட்டிக்கவில்லை என்பது 2014இல் தெரிந்தது. ஒட்டு மூலக்கூறு என்றாலே எளிய இலக்கு என்று நம்பக் கூடாது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

நம்பிக்கை தரும் பாதைகள் வகையறிந்து செல்பவை. நுண்மடல் வகையில் ஈ-கேடரின் இல்லாமையையே பலவீனமாகக் கொள்ளலாம். அது இல்லாத செல்கள் ஆர்ஓஎஸ்1 என்ற நொதியை மறிக்கும் மருந்துகளுக்குத் தனிப்பட்ட முறையில் பலியாகின்றன என்று லண்டனில் கிறிஸ்டோபர் லார்டின் குழு 2018இல் கண்டது; கிரிசோடினிப் மருந்தைக் கொண்டு இதை நோயாளிகளிடம் சோதிக்கும் முயற்சி தொடர்ந்தது. இரத்தத்தில் கொத்தாகத் திரியும் செல்களைப் பிரிக்கும் முயற்சி இன்னொன்று. இதயநோய்க்கு நெடுங்காலமாகப் பயன்படும் டிகாக்சின், பரவிய மார்பகப் புற்றுள்ள ஒன்பது நோயாளிகளில் கொத்துகளின் அளவைச் சற்றுக் குறைத்ததாக அசெட்டோவின் குழு 2025இல் அறிவித்தது. ஒன்பது பேர் என்பது கருத்தை நிறுவப் போதும்; சிகிச்சையைப் பரிந்துரைக்கப் போதாது. இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக டிகாக்சின் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதுகாப்பான அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகிய மருந்து அது.

சோதனைகளின் அமைப்பிலும் மாற்றம் வேண்டும். நுண்மடல் வகை நோயாளிகள் மொத்தத்தில் சிறுபான்மை என்பதால் பெரும்பாலான மருந்துச் சோதனைகளில் நாள வகையினரோடு கலந்தே எண்ணப்படுகிறார்கள். பரவல் கட்டிகளை அளவெடுத்து மருந்தின் பயனை மதிப்பிடும் முறையும், திரளாமல் வயிற்று உறையில் படரும் இந்த நோய்க்குப் பொருந்துவதில்லை. ஒட்டுதல் இழந்த புற்றும் ஒட்டுதல் காத்த புற்றும் வெவ்வேறு வழிகளில் பரவுகின்றன என்றால், அவற்றின் மருந்துகளைத் தனித்தனியே எண்ணிப் பார்ப்பதுதான் நேர்மையான அறிவியல். மார்பகப் புற்று ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோரும் சோதனைகளை வடிவமைப்போரும் இதை இனியும் தள்ளிப்போடலாகாது.

பயாப்சி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படிக்கும் வாசகர் இருக்கக்கூடும். அதில் 'ஈ-கேடரின் இல்லை' என்றிருந்தால், நோய் பரவிவிட்டது என்றோ பரவப்போகிறது என்றோ பொருளல்ல. புற்று நுண்மடல் வகையாக இருக்கலாம் என்பதை நோயியலர் அதன் வழி உறுதிப்படுத்துகிறார். 'ஈ-கேடரின் உண்டு' என்றிருந்தால் அது பரவாது என்பதற்கான உத்தரவாதமும் அல்ல. நோயின் போக்கை அறிய ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்2, கட்டியின் அளவும் தரமும், அக்குள் நிணநீர்க் கணுக்களின் நிலை ஆகியவற்றை மருத்துவரிடம் கேளுங்கள். நுண்மடல் வகை என்றால் மேமோகிராமில் தெரிவது முழு அளவாக இருக்காது. எம்ஆர்ஐ தேவையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.